எடை மிகுந்த மாதிரி இராக்கெட்டு: மோட்டாரும் ஏவுசாதனமும்

மாதிரி இராக்கெட்டு செய்து பறக்கவிடும் ஆர்வம் நம் நாட்டு மாணாக்கரிடையே பெருகி வருகின்றது. இன்-ஸ்பேஸ் என்னும் மத்திய அரசு அமைப்பு மாணாக்கருக்கென ஏற்படுத்திய மாதிரி இராக்கெட்டுப் போட்டி 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் நடைபெற்றது. இத்தகைய முயற்சிகளில் இறங்கும் ஆசிரியர்களிடமிருந்து எழும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: “எங்கள் மாதிரி சற்றுக் கனமானது, இதற்கு எவ்வளவு சக்தி வாய்ந்த மோட்டார் வேண்டும்?” இக்கேள்வியின் உள்ளேயே ஒரு பிழை ஒளிந்து கிடக்கின்றது என்பது என் கருத்து. ‘சக்தி’ என்னும் சொல்தான் அப்பிழை.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன், பொருளுக்கு வருமுன் சொல்லைப் பற்றிப் பேசத் தொடங்குவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இராக்கெட்டு மோட்டார் ஒன்றைப் பற்றி நாம் அறிய வேண்டிய அளவுகள் இரண்டு. ஒன்று, அது எவ்வளவு விசையுடன் தள்ளுகின்றது என்பது. இதனை உந்துவிசை என்கிறோம். நியூட்டன் என்னும் அலகால் அளக்கின்றோம். மற்றொன்று, அது தள்ளித் தீர்த்த மொத்தத் தள்ளல், அஃதாவது விசையையும் அது நீடித்த காலத்தையும் பெருக்கி வந்த தொகை, இது கணத்தாக்கு, இதன் அலகு நியூட்டன்-வினாடி. இவ்விரண்டையும் ‘சக்தி’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடும் வழக்கம் துண்டு வெளியீடுகளிலும் வகுப்பறைப் பேச்சிலும் காணப்படுகின்றது. இலேசான மாதிரிகளைப் பொறுத்தவரையில் இக்குழப்பத்தால் பெருந்தீங்கு ஒன்றும் இல்லை. எடை மிகுந்த மாதிரியிலோ இது ஆளைக் காயப்படுத்தக் கூடியது.

நெல் மூட்டை ஒன்றை வண்டியில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வலிமையுள்ள ஓர் ஆள் அதனை ஒரு மூச்சில் தூக்கி ஏற்றிவிடுவான். சிறுவன் ஒருவன் காலை முதல் மாலை வரையில் அதனைத் தூக்க முயன்றுகொண்டே இருக்கலாம். அவன் செலுத்திய விசையையும் செலவிட்ட காலத்தையும் பெருக்கிப் பார்த்தால் தொகை மிகப் பெரியதாகவே வரும். மூட்டை மட்டும் தரையை விட்டு எழுந்திராது. கனத்த இராக்கெட்டுக்கு வேண்டுவது முதலில் அந்த ஆளே. சிறுவனின் விடாமுயற்சி அன்று.

மோட்டாரின் மீது அச்சிடப்பட்டிருக்கும் குறியீடு இவ்விரண்டையும் பிரித்தே காட்டுகின்றது. ‘டி12-3’ என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். எழுத்து கணத்தாக்கின் வகுப்பைக் குறிக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் மேல்வரம்பு முந்திய எழுத்தைப்போல் இரு மடங்கு. ‘ஏ’ வகுப்பு 2.5 நியூட்டன்-வினாடி வரையில், ‘பி’ 5 வரையில், ‘சி’ 10, ‘டி’ 20, ‘ஈ’ 40, ‘எஃப்’ 80, ‘ஜி’ 160. எழுத்தை அடுத்து வரும் எண், நியூட்டன் அலகில் சராசரி உந்துவிசை. சிறு கோட்டுக்குப் பின் வரும் எண், எரிபொருள் தீர்ந்த பிறகு பாரசூட்டை வெளியேற்றும் மருந்து வெடிக்கும் வரையில் கழியும் வினாடிகள். மாணாக்கர் யாவரும் எழுத்தையே பார்க்கின்றனர். ‘டி’யைவிட ‘எஃப்’ பெரியது. ஆதலின் கனத்த மாதிரிக்கு ‘எஃப்’ பொருந்தும் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். எண்ணைப் பார்ப்பவர் சிலரே.

இதனைக் கணக்கிட்டே பார்ப்போம். ஏவும்போது மோட்டாருடன் சேர்த்து 900 கிராம் நிறையுள்ள மாதிரி ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 8.8 நியூட்டன். அமெரிக்காவில் விற்பனையாகும் எஃப்15 என்னும் கருமருந்து மோட்டாரின் கணத்தாக்கு ஏறத்தாழ 50 நியூட்டன்-வினாடி. அது மூன்றரை வினாடி எரியும். சராசரி உந்துவிசை 14.4 நியூட்டன். அஃதாவது மாதிரியின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். மாதிரி எழும், ஐயமில்லை. ஆனால் அது எழும்போது, எரியும் மூன்றரை வினாடியும் தன் எடையைத் தாங்குவதற்கே 30 நியூட்டன்-வினாடி செலவாகிவிடும். ஐம்பதில் முப்பது வீண்! எஞ்சிய இருபதைக் கொண்டு மாதிரி பெறும் வேகம் வினாடிக்கு 21 மீட்டர் அளவே. அதே ‘எஃப்’ வகுப்பைச் சேர்ந்த எஃப்50 மோட்டார் ஒன்றரை வினாடி அளவில் எரிந்து தீர்ந்துவிடுகின்றது. அதன் கணத்தாக்கு 80-க்குச் சற்றுக் குறைவு. எடையைத் தாங்குவதற்குச் செலவாவது அதில் 14-க்கு மேற்போகாது. ஒரே எழுத்தைத் தாங்கிய இரு மோட்டார்களுக்கிடையே இத்தனை வேற்றுமை உண்டு. விலைப்பட்டியலில் எழுத்தை மட்டும் குறித்து மோட்டார் வாங்குவது, அரிசியா உமியா என்று கேளாமல் மூட்டைக் கணக்கில் வாங்குவதை ஒக்கும்.

இவ்விரண்டின் வேற்றுமைக்கு மருந்தின் தன்மையும் ஒரு காரணம். எஃப்15-இல் இருப்பது பழைய கருமருந்து. கந்தகம், கரி, வெடியுப்பு ஆகியவற்றின் கலவை. எஃப்50-இல் இருப்பது அம்மோனியம் பெர்குளோரேட்டை ஒருவகை இரப்பர்ப் பிசினில் பிசைந்து இறுகச் செய்த எரிபொருள். நம் பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் முதல் அடுக்கில் எரிவதும் இக்குடும்பத்தைச் சேர்ந்த பொருளே. எடைக்கு எடை ஒப்பிடும்போது கருமருந்தைவிட இது மிகுதியான தள்ளலைத் தருவது.

பழகியோர் கையாளும் விதி ஒன்று உண்டு: சராசரி உந்துவிசை, மாதிரியின் மொத்த எடையைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையலாகாது. நம் மாதிரிக்கு இது 44 நியூட்டன் ஆகின்றது. எஃப்15 தகாது, எஃப்50 தகும், ஜி80 நன்கு தகும். நல்ல விதிதான். எனினும் இதனை வேதவாக்காகக் கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஐந்து மடங்கு என்பது எதற்காக என்பதை ஆசிரியர் மாணாக்கருக்கு விளக்காவிடில், விதியை மனப்பாடம் செய்தவன் அதன் நோக்கத்தைத் தவறவிடுவான்.

இவ்விடத்தில் கூர்மையுள்ள மாணாக்கன் ஒரு கேள்வி கேட்பான், கேட்கவும் வேண்டும். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுசென்ற சாட்டர்ன்-5 இராக்கெட்டு ஏவும்போது 2,900 டன் அளவு கனத்தது. அதன் உந்துவிசை 3,400 டன் எடைக்கு நிகரானது. ஐந்து மடங்கு எங்கே? ஒன்றேகால் மடங்குகூட இல்லையே! ஏவுகோபுரத்தைக் கடப்பதற்கே அது பத்து வினாடி அளவு எடுத்துக்கொண்டது. அதன் மாதிரியைச் செய்யும் நாமும் அவ்வாறே மெல்ல மெல்ல எழச் செய்தால் அழகாக இருக்குமன்றோ?

விடை இதுதான். சாட்டர்ன்-5 தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ள வல்லது. அதன் அடியிலிருந்த ஐந்து எந்திரங்களுள் புறத்தே அமைந்த நான்கும் திசை திருப்பக் கூடியவை. சாய்வை உணரும் கருவிகள் கணந்தோறும் கட்டளையிட, அவை அசைந்து இராக்கெட்டை நேராக நிறுத்தின. நம் மாதிரிக்கு அத்தகைய மூளை கிடையாது. அதனை நேராக நிறுத்துபவை அதன் வாலிலுள்ள துடுப்புகளே. துடுப்புகளோ காற்று விரைந்து பாய்ந்தாலன்றி வேலை செய்யமாட்டா. நின்ற நிலையிலுள்ள இராக்கெட்டுக்குத் துடுப்பு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். ஆகவே, துடுப்புகள் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் வேகம் வரும் வரையில் வேறொன்று அதன் கையைப் பிடித்து நடத்திச் செல்லவேண்டும். அந்த வேறொன்றுதான் ஏவுகம்பி அல்லது ஏவுசட்டம். ஐந்து மடங்கு விதியின் நோக்கம் மாதிரியை உயரப் பறக்கவிடுவதன்று. கம்பியை விட்டு நீங்கும்போது போதிய வேகத்தோடு நீங்கச் செய்வதே.

தீபாவளி இரவில் நாம் கொளுத்தும் இராக்கெட்டு வாணத்துக்கு நீண்ட குச்சி ஒன்று கட்டியிருப்பதும், அதனைப் புட்டியில் நிறுத்திக் கொளுத்துவதும் யாவரும் அறிந்ததே. குச்சி துடுப்பின் வேலையைச் செய்கின்றது, புட்டி ஏவுசாதனம். புட்டி சாய்ந்தால் வாணம் எதிர்வீட்டு மாடிக்குள் நுழைகின்றது. வாணத்தின் நிறை சில கிராம். 900 கிராம் நிறையுள்ள மாதிரி அவ்வாறு சாய்ந்தால் என்னவாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனவே, கனத்த மாதிரிக்கு மோட்டாரைத் தேர்ந்தெடுப்பதும் ஏவுசாதனத்தைத் தேர்ந்தெடுப்பதும் வெவ்வேறு வேலைகள் அல்ல என்பது என் துணிபு. சட்டத்தின் நீளமும் மோட்டாரின் விசையும் சேர்ந்தே நீங்கும் வேகத்தைத் தருகின்றன. கணக்கு ஒன்பதாம் வகுப்பு மாணாக்கனும் போடக்கூடியது. உந்துவிசையை நிறையால் வகுத்து, அதிலிருந்து 9.8-ஐக் கழித்தால் முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்தைச் சட்டத்தின் பயன்படும் நீளத்தால் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் கண்டால் நீங்கும் வேகம் வரும். காற்றின் தடையும் உராய்வும் இவ்வளவு குறுகிய தொலைவில் சிறியவை, எரிபொருள் எரிவதால் நிறை குறைவதும் அவ்வாறே, அவற்றைத் தள்ளிவிடலாம்.

இதிற் ‘பயன்படும் நீளம்’ என்ற சொற்றொடரைக் கவனிக்க வேண்டும். 1.8 மீட்டர் நீளமுள்ள சட்டம் வாங்கிவிட்டதால் 1.8 மீட்டர் வழிகாட்டுதல் கிடைத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மாதிரியின் உடலில் பொருத்திய இரு பொத்தான்கள் சட்டத்தின் பள்ளத்தில் ஓடுகின்றன. மேற்பொத்தான் சட்டத்தின் நுனியைக் கடந்ததும், கீழ்ப்பொத்தானை அச்சாகக் கொண்டு மாதிரி திரும்ப இடம் ஏற்பட்டுவிடுகின்றது. மாதிரி நிற்கும்போதே மேற்பொத்தான் சட்டத்தின் அடியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமானால், பயன்படுவது 1.2 மீட்டரே. கடைக்காரர் இதனைச் சொல்லமாட்டார்.

இனி நம் 900 கிராம் மாதிரியை இந்த 1.2 மீட்டரில் வைத்துப் பார்ப்போம். எஃப்15 கொண்டு ஏவினால் அது வினாடிக்கு 3.9 மீட்டர் வேகத்தில் சட்டத்தை விட்டு நீங்கும். ஓடுகின்ற மனிதனின் வேகம். எஃப்50 ஆயின் 10.5 மீட்டர். ஜி80 ஆயின் 13.8 மீட்டர். வினாடிக்கு 13 அல்லது 14 மீட்டர் என்பது துடுப்புகள் நம்பிக்கையுடன் வேலை செய்யும் வேகம் எனப் பழகியோர் கொள்வர். ஐந்து மடங்கு விதியை நிறைவேற்றிய எஃப்50 இவ்வேகத்தை எட்டவில்லை என்பதைக் காண்க. இதனைக் கண்ட உடனே மாணாக்கர் ஜி80-ஐ நாடுவர். அவசரம் வேண்டா. பயன்படும் நீளத்தை 2 மீட்டராக நீட்டினால், அதே எஃப்50 வினாடிக்கு 13.5 மீட்டர் வேகத்தைத் தந்துவிடும். ஏறத்தாழ ஜி80-க்கு நிகர்! மோட்டார் ஒருமுறை எரிந்தால் சாம்பல்; சட்டமோ பல ஆண்டுகள் உழைக்கும். பள்ளியின் குறைந்த பணத்தை எதில் இடுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

காற்று வீசும் நாளில் இவ்வேற்றுமை இன்னும் கூர்மையாகும். வினாடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள காற்று இலைகளை அசைக்கும் இளங்காற்றே. 3.9 மீட்டர் வேகத்தில் நீங்கும் மாதிரிக்கு அக்காற்று 37 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் வந்து தாக்குவதாக அமையும், 13.5 மீட்டர் வேகத்தில் நீங்குவதற்கு 12 அல்லது 13 பாகையே. துடுப்புகள் காற்று வரும் திசையை நோக்கி மூக்கைத் திருப்பும் இயல்புடையவை. அதற்காகவே அவை வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் மெதுவாக நீங்கும் மாதிரி காற்றின் எதிர்த்திசையிற் சாய்ந்து, எஞ்சிய விசை முழுவதையும் கிடைமட்டப் பறத்தலிற் செலவிடும். பார்வையாளர் அத்திசையில் அமர்ந்திருந்தால் தீங்கு நேரும்.

இது விளையாட்டு இராக்கெட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து எழுந்த நைக்கி-அப்பாச்சி இராக்கெட்டும் தன் வழியைத் தானே திருத்திக்கொள்ளும் கருவி அற்றதே. அத்தகைய வானாய்வு இராக்கெட்டுகளை ஏவுமுன், பலூன் விட்டுக் காற்றை அளந்து, சட்டத்தின் சாய்வையும் திசையையும் அதற்கேற்பத் திருத்துவர். விஞ்ஞானிகள் அங்கே செய்ததைத்தான் ஆசிரியர் பள்ளி மைதானத்தில் சிறிய அளவிற் செய்கின்றார். இதனை மாணாக்கருக்கு எடுத்துச் சொன்னால், ஏவுசட்டத்தின் மீது அவர்களுக்கு மதிப்பு உண்டாகும்.

சாதனத்தைப் பற்றிச் சில குறிப்புகள். இலேசான மாதிரிகளோடு விற்கப்படும் 3 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுக் கம்பி கனத்த மாதிரிக்கு அறவே உதவாது. மாதிரி ஏறும்போது அது நாணலைப்போல் வளைந்து, நுனியில் சாட்டையைப்போல் வீசி, மாதிரியைப் பக்கவாட்டில் எறிந்துவிடும். 5 மில்லிமீட்டர்க் கம்பி நடுத்தர மாதிரிகளுக்குப் போதும்; 6 மில்லிமீட்டர்க் கம்பி அதற்கு மேற்பட்டவற்றுக்கு. ஒரு கிலோகிராமை நெருங்கும் மாதிரிக்குக் கம்பியை விட்டுவிட்டு, 25 மில்லிமீட்டர் சதுர அளவில் பள்ளம் வைத்துச் செய்யப்படும் அலுமினியச் சட்டத்துக்கு மாறிவிடுவதே நன்று. தொழிற்கூடங்களில் இயந்திரச் சட்டங்களைக் கட்டுவதற்குப் பயன்படும் சட்டம் இதனை ஒத்ததே. ஆதலின் நம் நாட்டிலும் அரிய பொருளன்று. சட்டம் எத்துணை உறுதியானதாயினும் அதன் முக்காலி ஆடினால் பயனில்லை. கால்களின் மீது மணல் மூட்டைகளை வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெருப்பு தரையிற் படாமல் திருப்பிவிடும் எஃகுத் தகடும், சுற்றிலும் காய்ந்த புல் அகற்றிய நிலமும் இன்றியமையாதவை. சட்டத்தின் நுனி கண்ணின் மட்டத்துக்கு மேல் இருக்கவேண்டும். இல்லையேல் ஏவாத நேரங்களில் அதற்கு ஒரு மூடி வேண்டும்.

மின்கலப் பெட்டியும் இவ்வாறே. சிறு மாதிரிக்கு நான்கு சிறிய மின்கலங்கள் கொண்ட பெட்டி போதும். கனத்த மாதிரிக்கு ஆள் விலகி நிற்கும் தொலைவு கூடுவதால் கம்பியின் நீளமும் கூடுகின்றது. மின்னழுத்தம் வழியிலேயே குறைகின்றது. 12 வோல்ட் மின்கலம் வைத்துக்கொள்வதே முறை. பெர்குளோரேட்டு மோட்டாரின் மின்திரியை நடுத்துளையின் மேல்நுனி தொடும்வரை செருகவேண்டும் என்பதையும், கருமருந்து மோட்டாரில் பழகிய கை இதனை மறந்துவிடும் என்பதையும் நினைவிற் கொள்க. சுற்று முழுமையாயிருப்பதைக் காட்டும் சிறு விளக்கின் வழியே பாயும் மின்னோட்டமே சிலவகை மின்திரிகளைப் பற்றவைத்துவிடக் கூடும். ஆகவே சாவி எப்போதும், கம்பியை இணைப்பவரின் சட்டைப்பையில் இருக்கவேண்டும்.

அமெரிக்க நாட்டின் தேசிய இராக்கெட்டுச் சங்கம் வகுத்துள்ள பாதுகாப்பு நெறிகளை இங்கே குறிப்பது பொருந்தும். மாதிரியின் நிறை 1,500 கிராமுக்கு மேற்படலாகாது. எரிபொருள் 125 கிராமுக்கு மேற்படலாகாது. ‘டி’ வகுப்பு வரையில் ஆட்கள் 5 மீட்டரும், அதற்கு மேல் 9 மீட்டரும் விலகி நிற்கவேண்டும். சட்டத்தின் சாய்வு நெட்டுக்குத்திலிருந்து 30 பாகைக்கு மேற்படலாகாது. காற்று மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் ஏவலாகாது. மோட்டார் பற்றவில்லையெனில் சாவியை எடுத்துவிட்டு 60 வினாடி கழிந்த பின்னரே அருகிற் செல்லவேண்டும். இவற்றுள் 9 மீட்டர் என்பது குறைந்த வரம்பு. பிள்ளைகள் கூட்டமாக நிற்கும் இடத்தில் அதனை இரட்டிப்பதை நான் மிகையாகக் கருதவில்லை.

இச்சங்கம் தோன்றிய வரலாறும் நமக்குப் பாடமாகத் தக்கது. நெபிராஸ்கா மாநிலத்தில் காலணிக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல், வாணவேடிக்கையில் தேர்ந்தவர். 1954-இல் தம் சகோதரருடன் சேர்ந்து, தொழிலறிந்தோர் செய்த மோட்டாரை மாற்றி மாற்றிப் பொருத்திப் பறக்கவிடும் மாதிரியைச் செய்தார். 1957-இல் இராக்கெட்டுப் பொறியாளரும் எழுத்தாளருமான ஹாரி ஸ்டைன் அதனைப் பரப்ப முன்வந்தார். அவ்வாண்டிலேயே ஸ்புட்னிக் எழுந்தது. அமெரிக்க இளைஞர் பலர் தாமே மருந்தைக் கலந்து குழாய்களில் அடைத்துக் காயமுறும் நிலையும் இருந்தது. பின்னர் வெர்னன் எஸ்டிஸ் என்பவர் மோட்டார்களை ஒரே சீராகச் செய்து தள்ளும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். அதன் சிறப்பு மோட்டாரை மலிவாக்கியதில் மட்டும் இல்லை. ஒரு மோட்டாரைப் போலவே அடுத்ததும் தள்ளும் என்ற உறுதி கிடைத்தது. நாம் மேலே போட்ட கணக்கு முழுவதும் அவ்வுறுதியின் மேல் நிற்கின்றது. வீட்டில் அடைத்த குழாய்க்கு உந்துவிசை எவ்வளவு என்று யாரைக் கேட்பது?

தாமத எண்ணைக் குறித்து ஒரு சொல். டி12-3 மோட்டாருக்குச் செய்தோர் குறித்துள்ள மிகுதியான ஏவுநிறை ஏறத்தாழ 396 கிராம். டி12-5-க்கு 283 கிராம். மருந்து ஒன்றே, உந்துவிசை ஒன்றே; பின் ஏன் இவ்வேறுபாடு? கனத்த மாதிரி குறைந்த வேகமே பெறுவதால் விரைவிலேயே உச்சியை அடைந்து கீழே திரும்பிவிடுகின்றது. அதற்குள் பாரசூட்டு வெளிவரவேண்டும். முன்பு கூறிய எஃப்15 நம் 900 கிராம் மாதிரிக்கு 21 மீட்டர் வேகம் தருமாயின், எரிபொருள் தீர்ந்த இரண்டு வினாடியில் மாதிரி உச்சியை அடைந்துவிடும். பாரசூட்டை வெளியேற்றும் எஃப்15 மோட்டார்களுள் மிகக் குறைந்த தாமதம் 4 வினாடி. எஞ்சிய இரண்டு வினாடியும் மாதிரி தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும். வினாடிக்கு 20 மீட்டர் அளவு வேகத்தில் விரியும் பாரசூட்டு பெரும்பாலும் கிழிந்துபோகும்.

பெரிய மோட்டார் கிடைக்காதபோது சிறிய மோட்டார்கள் மூன்றையோ நான்கையோ ஒருசேரக் கட்டி ஏவலாம் என்னும் யோசனையைச் சிலர் கூறுவர். தேர்ந்தோர் செய்கின்றனர், பார்ப்பதற்கும் கம்பீரமாக இருக்கின்றது. பள்ளிக்கு நான் இதனைப் பரிந்துரைக்கமாட்டேன். நான்கில் ஒன்று பற்றவில்லையெனில் விசை குறைவது மட்டுமன்றி, தள்ளலும் ஒருபக்கமாகிவிடும். அதற்குச் சட்டமும் துணை செய்யாது.

இன்னொரு சுழலையும் எச்சரிக்கவேண்டும். மாதிரி கனமானது என்று பெரிய மோட்டாரைப் பொருத்துகின்றோம். மோட்டார் வாலில் இருப்பதால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்கின்றது. மாதிரி நிலைத்தன்மை இழக்கின்றது. அதனைச் சரிசெய்ய மூக்கில் ஈயமோ களிமண்ணோ வைக்கின்றோம். எடை மேலும் கூடுகின்றது. மேலும் பெரிய மோட்டார் தேவைப்படுகின்றது. இச்சுழலிலிருந்து மீளும் வழி மோட்டார் விலைப்பட்டியலில் இல்லை. மாதிரியின் வாற்புறத்தில் உள்ளது. அங்கே பூசிய பசை, சாயம், தடித்த பலகைத் துடுப்பு ஆகியவற்றை முதலில் குறைக்கவேண்டும். சாயம் காய்ந்த பிறகு, பாரசூட்டும் மோட்டாரும் உள்ளே வைத்துத் தராசில் நிறுத்துவது அவசியம். பெட்டியின் மேல் அச்சிட்ட எடையை நம்புதல் கூடாது.

நம் நாட்டைப் பொறுத்தவரையில் சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 1884-இல் இயற்றப்பட்ட வெடிபொருள் சட்டம் முதற்கொண்டே வெடிபொருளைச் செய்தல், வைத்திருத்தல், கொண்டுசெல்லல், இறக்குமதி செய்தல் ஆகியவை உரிமத்துக்கு உட்பட்டவை. பட்டாசைப் பிரித்து மருந்தை எடுத்துக் குழாயில் அடைப்பது குற்றமும் ஆகும், பேராபத்தும் ஆகும். அமைப்புகள் முறைப்படி நடத்தும் போட்டிகளிலும் பயிற்சிகளிலும் சேர்ந்தே மோட்டாரைக் கையாள வேண்டும். அவ்வாய்ப்பு வரும் வரையில் ஆசிரியர் கைகட்டி இருக்கவேண்டுவதில்லை. பிளாஸ்டிக் புட்டியில் நீரும் அழுத்திய காற்றும் நிரப்பி ஏவும் நீர் இராக்கெட்டு, சட்டத்தின் பாடத்தை நன்றாகவே கற்பிக்கும். அரை மீட்டர்ச் சட்டத்திலிருந்து ஐந்து முறையும் ஒன்றரை மீட்டர்ச் சட்டத்திலிருந்து ஐந்து முறையும், காற்று வீசும் நாளொன்றில் ஏவி, ஒவ்வொன்றும் எவ்வளவு சாய்ந்தது என்பதைப் பக்கவாட்டிலிருந்து குறிக்கச் செய்யலாம்.

ஏவுசாதனம் வாங்கக் கோரிக்கைப் பட்டியல் எழுதும் அலுவலர்கள், ‘மோட்டார் சக்தி’ என்று ஒரே பத்தி வைப்பதை விடுத்து, மாதிரியின் ஏவுநிறை, சராசரி உந்துவிசை, கணத்தாக்கு, தாமத வினாடி, சட்டத்தின் பயன்படும் நீளம் என ஐந்து பத்திகள் வைப்பார்களாக. ஐந்தாம் பத்தியை நிரப்பாமல் வரும் பட்டியலைத் திருப்பி அனுப்புவதில் தயக்கம் வேண்டா.